ஐந்து பேர் இறங்கிய வான்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

டொக்டர் சுபத்திரா, மருந்தும் கீமோவும்.
பெற்றிசியா சிஸ்டர், கன்னியாஸ்திரி. நோயாளர் குடும்பங்களோடு பேசுகிறவர்.
தக்சிகா, பேசவும் விழுங்கவும் பழக்குகிறவள்.
அப்துல் றசாக், வான் சாரதி. வெளியூர் ஆசுப்பத்திரிகளில் திகதி எடுப்பதும் அவர்தான்.
பிரசாந்தன், தாதி, இந்தக் கிழமைத் தலைவர்.
கைபேசியில், ஒலிபெருக்கி போட்டபடி, சத்திரசிகிச்சை டொக்டர் தில்லைநாதன்.

நோயாளி டொமினிக் வரவில்லை. நோயாளியைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை.

கூட்டம் நடந்த புற்றுநோய்க் கிளினிக்கின் கட்டடம், கண்ணிவெடி அகற்ற வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வேலை முடிந்து விட்டுப்போனது. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் இன்னும் பின்வளவில் அடுக்கிக் கிடந்தன. முதல் தடவை வருகிற நோயாளிகள் அதைக் கண்டுவிட்டு வாசலில் நின்று யோசிப்பார்கள். பலகைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். எல்லாரும் ஓம் என்பார்கள். ஒருவரும் எடுப்பதில்லை.

முன்பு அந்த இடத்துக்கு ஒரு பெரிய டொக்டர் தலைவராக இருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்தவர் வரவில்லை. வராத ஆளுக்காகக் கதிரையை வெறுமனே வைத்திருக்காமல் ஆளுக்கொரு கிழமை அதில் இருப்போம் என்று சொன்னவள் சுபத்திராதான். அப்படியே வழக்கமாகிவிட்டது. யார் தலைவராக இருந்தாலும் முடிவு எல்லாருடையது. ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த வேலை நடக்காது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இதுதான் கூட்டுத் தலைமை என்று புகழ்ந்து, படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். உண்மையில் அது நன்றாகத்தான் ஓடியது.

அன்றைய விசயம் டொமினிக்கின் நாக்கு. டொமினிக், அரிப்பு என்கிற கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடிக்கிறவர். நாக்கின் இடது ஓரத்தில் புற்று, கழுத்தில் கட்டி. ஸ்கான் முடிவு காலையில் வந்திருந்தது.

"எலும்பு தப்பியிருக்கு," என்றது கைபேசிக்குள்ளிருந்து தில்லைநாதனின் குரல். "நுரையீரல், ஈரல் எல்லாம் துப்பரவு. பாதி நாக்குப் போகும், கழுத்துக் கட்டியளையும் எடுக்க வேணும். ஆனா ஆள் பிழைக்கிற கேஸ். செவ்வாய்க்கிழமை எனக்கு மகரகமையில ஒப்பரேசன் தியேட்டர் கிடைச்சிருக்கு. திங்கள் ஆளைக் கொண்டந்து விடுங்கோ. இதை விட்டா அடுத்த திகதிக்கிடையில எலும்புக்குள்ள இறங்கிடும். பிறகு என்னைக் கூப்பிடாதேங்கோ."

நல்ல செய்திதான். அந்த மேசைக்கு நல்ல செய்தி அடிக்கடி வருவதில்லை. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். தக்சிகா, ஒப்பரேசனுக்குப் பிறகு எந்தெந்த எழுத்து வாயில் வராமல் போகும் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. போன முறை கிளினிக்குக்கு வந்தபோது டொமினிக், பிரசாந்தனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "வெட்டினாப் பிழைப்பன் எண்டா வாறன். பிழைக்கமாட்டன் எண்டா அதைச் சொல்லிப்போடுங்கோ, வீட்டில கிடந்து சாகிறன். நடுவால ஒண்டும் சொல்லி ஏமாத்தாதேங்கோ." கொழும்புப் பக்கத்துப் பெரிய புற்றுநோய் ஆசுப்பத்திரி இருக்கிற மகரகம என்றால், அந்தக் கரையில் பலருக்குப் போய்த் திரும்பாத இடம். ஆகவே யாராவது போய், அவர் நம்பும்படி சொல்ல வேண்டும்.

யார் சொல்வது என்று சுபத்திரா கேட்டாள். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

பிரசாந்தனுக்கு ஊர் அடம்பன். சண்டை முடிகிற காலத்தில் ஒரு முகாம் ஆசுப்பத்திரியில் இராக்கடமை பார்த்தவன். அங்கே ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் அவனுக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. செத்தவர்களின் ஆட்களிடம் போய்ச் சொல்வதுதான் வேலை. ஒருநாள் கடமைக்கு நடுவில் ரோச்லைற்றை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான், திரும்பிப் போகவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பகல் வேலை மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். இங்கே அவனுக்குப் பிடித்தது இதுதான்: எதையும் எல்லாரும் சேர்ந்து செய்வார்கள். தனியே ஒருவன் தலையில் ஒன்றும் விழாது.

"எல்லாரும் போவம்," என்றான். "டொக்டர் ஒப்பரேசனைச் சொல்லலாம், தக்சிகா கதைக்கிறதைச் சொல்லலாம், சிஸ்டர் அவற்ற மனுசியோட கதைக்கலாம். அவர் என்ன கேட்டாலும் அங்கயே மறுமொழி இருக்கும்."

எல்லாரும் உடனே ஓம் என்றார்கள். அவ்வளவு சுறுக்காக அந்த மேசையில் ஒரு முடிவும் வந்ததில்லை.

"அஞ்சு பேரும் வெளிக்கிட்டுப் போய் இறங்கினா, பொண்ணு பார்க்க வந்திருக்காங்க எண்டு நினைச்சுப் பலகாரம் சுடப்போறாங்க," என்றார் றசாக்.

"றசாக் நானா, அப்ப மாப்பிள்ளை ஆர்?" என்றாள் தக்சிகா.

"தில்லைநாதன் ஐயாதான். போனிலயே தாலியைக் கட்டுவார்."

"நான் இன்னும் போனை வைக்கேல்லை றசாக்," என்றது கைபேசி.

எல்லாரும் சிரித்தார்கள். பிரசாந்தனும் சிரித்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். பாலத்தில் காற்று வானை ஒரு பக்கம் தள்ளியது. வங்காலை தாண்டியபிறகு றோட்டு கிண்டிப் போட்டபடி கிடந்தது. தக்சிகா நித்திரையாகிவிட்டாள். சிஸ்டர் செபமாலை உருட்டினார். யார் முதலில் பேசுவது என்று வழியில் ஒருவரும் கேட்கவில்லை. அதைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். குழுவாகப் போகிறோம்தானே, அங்கே போனால் தானாக வரும் என்று தலைவர் நினைத்தான்.

அரிப்பில் வீட்டுத்திட்டத்து வீடுகள் ஒரே மாதிரி வரிசையாக நின்றன. பாதி வீடுகளுக்கு இன்னும் வெளிப்பூச்சு இல்லை. டொமினிக்கின் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் வானைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலில் வெள்ளை உடுப்போடு சிஸ்டர் இறங்கினார். பிறகு டொக்டர். பிறகு பிரசாந்தன். தக்சிகா இறங்க முன்னமே பெண்களில் ஒருத்தி கைகளைச் சீலையில் துடைத்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள். மற்றவளும் போட்டாள். தெருமுனையில் யாரோ ஒருவர் றேடியோவை நிற்பாட்டினார்.

எல்லாரும் போவம் என்ற பேச்சு தன் வாய்க்கு எங்கேயிருந்து வந்தது என்று அந்த இடத்தில்தான் பிரசாந்தனுக்கு விளங்கியது.

முகாமில் செத்தவர்களின் வீட்டாரிடம் அப்படித்தான் போவார்கள். காயம் என்றால் ஒரு ஆள் போய்ச் சொல்லும். சாவு என்றால் பாதர், கிராம அலுவலரான ஜி.எஸ்., தாதி, தெரிந்த இன்னொருவர் என்று கூட்டமாகப் போவார்கள். தனியே போனவனை ஒருமுறை ஒரு தாய் கல்லால் அடித்த பிறகு வந்த வழக்கம் அது. கூட்டத்தைக் கண்டதுமே கூடாரத்துக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அவனும் அந்தக் கூட்டங்களில் ஒருவனாகப் போனவன்தான். அந்தக் கரையில் இது தெரியாத சனம் இல்லை. கூட்டத்தில் ஒருவராய்ப் போனவர்கள் அல்லது கூட்டம் தேடி வந்த வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் டொமினிக்கின் மனைவி செலீனா வந்து நின்றாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஐந்தாவது ஆளாக றசாக் வானின் கதவைச் சாத்திவிட்டு வந்ததும், கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே கீழே இருந்தாள். பிறகு குரல் எடுத்தாள்.

"இல்லை அக்கா, அப்பிடி ஒண்டும் இல்லை," என்று ஓடினார் சிஸ்டர். அதைக் கேட்டு அவள் இன்னும் கூடக் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு ஆண்கள், ஒருவரும் சொல்லாமலே, பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் போடத் தொடங்கினார்கள்.

உள்ளே டொமினிக் சறம் கட்டியபடி கட்டிலில் இருந்தார். பெரிய ஆள். வாய்க்குள் நோவு இருந்ததால் சொற்கள் தடித்துத்தான் வரும்.

"இருங்கோ," என்றார். "எல்லாரும் வந்திருக்கிறியள்."

"அண்ணை, நல்ல செய்தியோடதான் வந்தனாங்கள்," என்றாள் சுபத்திரா. சொல்லிவிட்டுப் பிரசாந்தனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் தக்சிகா, "ஒப்பரேசனுக்குப் பிறகும் கதைக்கலாம், நான் பழக்குவன்," என்றாள். "ஸ்கான் துப்பரவு," என்றாள் சுபத்திரா. வாசல் பக்கம் நின்று சிஸ்டர், "கடவுள் கைவிடமாட்டார்," என்றார். திங்கள் விடிய வான் வரும் என்று றசாக் சொன்னார். எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரே நேரத்தில் சொன்னார்கள். முற்றத்தில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது.

டொமினிக் பொறுமையாகக் கேட்டார்.

"முகாமில எங்கட மூத்தவன் ஜெனோஜன் சூடுபட்டுச் செத்த அண்டைக்கும்," என்றார், "பாதரும் ஜி.எஸ்.ஸும் தாதி மிஸ்ஸி ஒராளும் வந்தவை. முதல் என்ன சொன்னவை தெரியுமோ? சின்னக் காயம்தான், பயப்பிடாதேங்கோ எண்டு. பிறகுதான் மிச்சத்தைச் சொன்னவை. அவையில பிழை இல்லை. அப்பிடித்தான் சொல்லவேணும்."

"இது அது இல்லை அண்ணை," என்றான் பிரசாந்தன்.

"ஓம் தம்பி. விளங்குது. ஒரு காய்ச்சல் மாறினதைச் சொல்ல அஞ்சு பேர் வரமாட்டினம்." அவர் கோபப்படவில்லை. நன்றி சொன்னார். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். "நான் மகரகமைக்கு வரேல்லை. இஞ்ச என்னைப் புதைக்கச் சேமக்காலை இருக்கு. அங்க ஆரையும் தெரியாது."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். குடிக்காமல் வர முடியாது.

வானுக்குள் சிஸ்டர் திரும்பவும் செபமாலையை எடுத்தார்.

"ஆர் முதல் கதைக்கிறதெண்டு சொல்லியிருக்க வேணும்," என்றாள் சுபத்திரா.

"அது தலைவற்ற வேலை," என்றார் சிஸ்டர்.

"எல்லாரும் ஓம் எண்டனீங்கள்தானே," என்றான் பிரசாந்தன்.

"ஓம் எண்டனாங்கள்தான். ஏனெண்டா எங்களுக்கும் தனியப் போகப் பயம். உனக்கு மட்டும் எண்டு நினைச்சியோ?" என்று கேட்டாள் சுபத்திரா. அவள் குரலில் சூடு இல்லை.

"கதிரை போட்டாங்களே," என்றார் றசாக் றோட்டைப் பார்த்தபடி. "நான் பகிடிக்குச் சொன்னது பலகாரத்தைத்தான்." அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

பிரசாந்தன் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கம் வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தடவுவது போல அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில் சுபத்திராவுக்குப் போன் எடுத்தான்.

"நான் தனியப் போறன்."

"என்ன சொல்லப் போறாய்?"

"தெரியாது."

"சரி, ஓம். மற்றவையிட்டயும் கேள்."

கேட்டான். ஒவ்வொருவரும் ஓம் என்றார்கள். சிஸ்டர் மட்டும், தான் கோயிலில் இருந்துகொள்வதாகவும் வரமாட்டேன் என்றும் இரண்டு தடவை சொன்னார். தில்லைநாதன், "திங்கள் பொழுதுபடும்வரைக்கும் கட்டிலை வைச்சிருப்பன், பிறகு வேற ஆளுக்குக் குடுக்க வேணும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மோட்டார்சைக்கிளில் போனான். முற்றத்தில் கதிரைகள் இன்னும் கிடந்தன. பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்திருந்தது. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அவர்களாகவே அடுப்பை நிற்பாட்டிவிட்டார்கள். பாதர் முதல்நாள் பின்னேரமே வந்து, சாகப்போகிறவர்களுக்குரிய எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். டொமினிக் தன் வள்ளத்து எஞ்சினைத் தங்கச்சி மகனுக்குக் கொடுத்தாயிற்று. கரையில் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்து, பழைய சண்டைகளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நல்ல சாவுக்கு வேண்டிய எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஆள் மட்டும் திடமாக, முகச்சவரம் செய்துகொண்டு, உள்ளே இருந்தார்.

செலீனா அவனைக் கண்டுவிட்டு வாசலில் மறித்தாள்.

"ஒராள்தானோ வந்தது?"

"ஓம் அக்கா."

"மற்றவை வானுக்குள்ள இருக்கினமோ?"

"வான் இல்லை. மோட்டார்சைக்கிள்."

அவள் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் விலகினாள்.

டொமினிக் முகத்தைத் துடைத்தபடி, "என்ன தம்பி, மறந்துபோன மிச்சத்தைச் சொல்ல வந்தனீங்களோ?" என்றார்.

பிரசாந்தன் கட்டில் காலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. ஸ்கானைப் பற்றிச் சொன்னால் அவர் ஓம் என்பார், தேத்தண்ணி கொடுப்பார்.

"நேற்று அவையளைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்," என்றான். "உங்களுக்காக இல்லை. எனக்குத் தனிய வரப் பயம்."

"என்னத்துக்குப் பயம்?"

"சொல்ல. நல்லதைச் சொல்லவும் பயம். நான் பிழைப்பியள் எண்டு சொல்லி, நீங்கள் அங்க தியேட்டருக்குள்ள செத்துப்போனா, சொன்ன ஆள் நான்தானே. அஞ்சு பேர் சொன்னா ஒருத்தரும் சொன்னதில்லை. அதுக்குத்தான்."

டொமினிக் சவரக்கத்தியைக் கழுவினார். கன நேரம் கழுவினார்.

"பயந்தாங்கொள்ளிப் பயல்," என்றார்.

"ஓம்."

"இந்தப் பயத்துக்கு எண்ணெய் பூசி, எஞ்சினையும் குடுத்து, நான் நேற்றுப் பின்னேரம் முழுக்க ஊராரைக் கட்டிப்பிடிச்சுக் கொண்டிருந்தனான். அந்த அந்தோனிட்டையும் மன்னிப்புக் கேட்டனான், நாய். இருபது வருசம் கேளாத மன்னிப்பு." அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய் நொந்ததால் பாதியில் நின்றது. "இப்ப சொல்லு. நீ ஒராளாச் சொல்லு. பிழைப்பனோ?"

"பிழைப்பியள் எண்டுதான் நான் நினைக்கிறன். பாதி நாக்குப் போகும். கதைக்கிறது கொழ கொழ எண்டு இருக்கும். சாப்பாடு கஞ்சி மாதிரித்தான் கனகாலத்துக்கு. பிறகு றேடியேசன் கதிர் பிடிக்க வேணும், அது இதைவிட வேதனை. போகாட்டி மாரி மழை முடியிறதுக்கிடையில தாடை எலும்புக்குள்ள போயிடும். பிறகு வெட்டவும் ஏலாது."

"செத்துப்போனா?"

"செத்துப்போகலாம்."

"அப்பிடி எண்டா இவளுக்கு ஆர் வந்து சொல்றது? திரும்பவும் அஞ்சு பேரோ?"

பிரசாந்தன் செலீனாவைப் பார்த்தான். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் அழவில்லை. முதல்நாளே எல்லாம் அழுது முடிந்துவிட்டது.

"நான் சொல்லுவன்," என்றான். "உங்களோட திங்கள் நானும் வாறன். அங்கயே இருப்பன். எதெண்டாலும் நானே வந்து சொல்லுவன்."

"தனிய?"

"தனிய."

டொமினிக் மனைவியைப் பார்த்தார். "நீ என்னடி சொல்றாய்?"

"நான் ஒருக்கா உங்களை அழுதிட்டன்," என்றாள் செலீனா. "திரும்பவும் அழ எனக்குச் சீவன் இல்லை. போறதெண்டாப் போங்கோ. ஆனா அந்தக் கதிரையளை முதல் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ, நான் கேக்கமாட்டன், எனக்கு வெட்கம்."

கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தது பிரசாந்தன்தான். வாங்கியவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், அப்ப செத்தவீடு எப்ப என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

திங்கள் விடிய றசாக் வானைக் கொண்டுவந்தார். சிஸ்டர், தக்சிகா, சுபத்திரா ஒருவரும் வரவில்லை. வரவேண்டாம் என்பது குழுவின் முடிவு. இந்தத் தடவை அதைப் போனில் எடுத்தார்கள், சுறுக்காக வரவில்லை. வரத்தான் வேண்டும் என்று சிஸ்டர் கடைசிவரை நின்றார். அவர் ஓம் சொல்லும்வரை மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள். வழிக்குத் தேவையான மருந்துகளைச் சுபத்திரா தந்துவிட்டிருந்தாள். தக்சிகா, படம் ஒட்டிய மட்டை ஒன்று செய்து அனுப்பியிருந்தாள்: தண்ணி, நோவு, போதும், கூப்பிடு. டொமினிக் அதைப் பார்த்துவிட்டு, தூசண வார்த்தைக்கும் ஒரு படம் வேணும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை. மகரகம ஆசுப்பத்திரியின் நீளமான விறாந்தை. எல்லாரும் சிங்களத்தில் பேசினார்கள். செலீனாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒவ்வொருமுறை யாராவது வெள்ளை உடுப்போடு கடந்துபோகும்போதும் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டாள். பிரசாந்தனுக்குப் பசியும் இல்லை, பயமும் இல்லை. பயம் இல்லாதது துணிச்சலால் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அது வரும்போது வரட்டும் என்று இருந்தான்.

தில்லைநாதன் வந்தார். போனில் கேட்டதைவிட வயதான மனிதர். டொமினிக்கின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "நான் வெட்டுவன், அவ்வளவுதான்," என்றார் பிரசாந்தனிடம். "முடிஞ்சதும் உன்னை உள்ளுக்குக் கூப்பிட்டுச் சொல்றன். வெளியில சொல்றது உன்ர வேலை."

"ஓம்."

உதவியாளர் தள்ளுவண்டிலைத் திருப்பினார். டொமினிக் செலீனாவின் கையை விட்டார். பிரசாந்தனைப் பார்த்து, "இருப்பாய்தானே," என்றார்.

"இருப்பன்."

கதவு நிலையில் வண்டிலின் சக்கரம் மோதிக் குலுங்கியது. டொமினிக் உதவியாளரின் தாயை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். முழு நாக்கோடு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். உதவியாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் சிரித்து, தலையாட்டி, வண்டிலை உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தி, உட்பக்கமாகப் பூட்டினார்.